மருந்து பழகிப் போச்சா?

"மாத்திரை பிள்ளைக்குப் பழகிப் போச்சுங்க டிரெஸ்ஸர், இப்போ கேக்கவே மாட்டேங்குது." கவனம் நிற்காமல் துறுதுறுவென்று ஓடும் ஏ.டி.எச்.டி. பிள்ளைகளின் தாய்மார் இப்படிச் சொல்கிறார்கள்.

அன்பர்களே, முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். சாதாரண ரிட்டலின் சுமார் 4 மணி நேரந்தான் வேலை செய்யும். காலை 7 மணிக்குக் கொடுத்தது 11 மணிக்கே இறங்கிவிடும். சாயங்கால டியூஷனில் பிள்ளை ஆடினால் மாத்திரையைத் திட்டி என்ன பயன்? கான்செர்ட்டா 12 மணி நேரம் வரை நிற்கும்; ஆனால் முழுசாக விழுங்க வேண்டும், இடித்துக் கொடுக்கக் கூடாது. பிள்ளை வளர்ந்திருக்கலாம். இராத்திரி தூக்கம் கெட்டிருக்கலாம் (கைப்பேசியை யார் வாங்கிக் கொடுத்தது?). சிலருக்கு உண்மையிலேயே பழகியும் போகலாம்.

எதுவானாலும் நீங்களாகவே ஒன்றை இரண்டாக்காதீர்கள். நெஞ்சு படபடக்கும், பசி போய்விடும். ஒரு வாரம், மாத்திரை கொடுத்த நேரம், பிள்ளை அடங்கிய நேரம், மறுபடி ஆட்டம் தொடங்கிய நேரம் மூன்றையும் எழுதுங்கள். வாத்தியாரையும் கேளுங்கள். அந்தத் தாளோடு மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தவணையைத் தள்ளிப் போடுவதுதான் எனக்குப் பிடிக்காத காரியம். எடை, உயரம், இரத்த அழுத்தம் பார்த்து டாக்டர்தான் அளவை மாற்ற வேண்டும். தோட்டத்து டிரெஸ்ஸர் நான் மாற்ற முடியாது.