சரக்குக்குத் திறந்த வாயில் மனிதனுக்கும் திறக்க வேண்டும்

2020 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆம் திகதி மாலை இலங்கை முழுவதிலும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. கடைகளும் கந்தோர்களும் மூடப்பட்டன, தெருக்கள் வெறிச்சோடின. கட்டுநாயக்கா விமான நிலையம் அதற்கு முன்னரே வெளிநாட்டுப் பிரயாணிகளுக்கு மூடப்பட்டு விட்டது. ஆனால், கொழும்புத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் மட்டும் ஓயவில்லை. கப்பல்கள் வந்தன, கொள்கலன்கள் இறங்கின, ஏறின. அத்தனை கொள்கலன்களையும் கடல் கடந்து கொண்டுவந்த மாலுமியோ கப்பலின் விளிம்பில் நின்று கரையைப் பார்த்தானேயன்றி, கரையில் கால்வைக்க முடியவில்லை. சரக்குக்கு இருந்த உரிமை அதனைச் சுமந்து வந்த மனிதனுக்கு இருக்கவில்லை. இந்த முரண்பாட்டைப் பற்றியே இங்கு சிந்திக்க விரும்புகிறோம்.

துறைமுகத்தை இயங்க வைத்தது பிழையென்று எவரும் சொல்லார். மாவும் மருந்தும் எரிபொருளும் கப்பலில் வராவிட்டால் பட்டினி கிடக்கும் தீவு இது. கொழும்புத் துறைமுகம் 2019 இல் கையாண்ட கொள்கலன்கள், இருபதடி அளவில் கணக்கிட்டால், ஏறக்குறைய 72 இலட்சம். நோய் உச்சங்கொண்ட 2020 இலும் அத்தொகை ஏறக்குறைய 68 இலட்சமாக இருந்தது. மறுவருடமே அது பழைய அளவை எட்டிவிட்டது. உலகமே முடங்கிக் கிடந்த ஆண்டில் நூற்றுக்கு ஐந்து வீதமளவிலேயே வீழ்ச்சி! உயிரச்சத்தோடு வேலைக்குச் சென்ற துறைமுகத் தொழிலாளரின் சாதனை இது. அவர்களுக்கு நாடு கடமைப்பட்டிருக்கிறது.

ஆனால் கப்பலில் இருந்தவர்களின் கதி என்ன? 2006 ஆம் ஆண்டின் கடற்றொழிலாளர் சாசனப்படி ஒரு மாலுமியைப் பன்னிரண்டு மாதங்களுக்குக் குறைவான காலமே தொடர்ந்து கப்பலில் வைத்திருக்கலாம். இலங்கையும் அச்சாசனத்தை ஏற்றுக்கொண்ட நாடுகளில் ஒன்று. நோய் பரவியதும் பல நாடுகள் ஒரே விதமாக நடந்துகொண்டன. “சரக்கை இறக்கு, ஆளை இறக்காதே” என்பதே எழுதப்படாத கட்டளையாயிற்று. விமானங்களும் ஓடாமையால், வேலை முடித்தவன் வீடு திரும்பவும் வழியில்லை. அவனிடத்துக்குப் புதியவன் வரவும் வழியில்லை. 2020 இன் பிற்பகுதியில் இவ்வாறு ஒப்பந்தம் முடிந்தும் கப்பல்களில் சிக்கியிருந்தோர் ஏறக்குறைய 4 இலட்சம் பேர். ஓராண்டுக்கு மேலாகவும் கரை காணாதவர்கள் அவர்களுள் இருந்தனர்.

அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் எம்.எஸ்.சி. மக்னிஃபிகா என்னும் உல்லாசப் பிரயாணக் கப்பல் கொழும்புக்கு வந்தது. அதிற் பணிபுரிந்த இலங்கையர் ஒருவர், தம்மை இறக்கிக்கொள்ளும்படி பகிரங்கமாக இரந்து கேட்டார். கடற்படையினர் அவரை இறக்கித் தனிமைப்படுத்தினர். நல்ல காரியம், ஆனால், சொந்த நாட்டுத் துறைமுகத்துக்கு வந்துவிட்ட ஒரு பிரசை, சொந்த மண்ணில் இறங்குவதற்கு இரந்து நிற்க வேண்டியிருந்ததே! உரிமையாயிருக்க வேண்டியது கருணையாக வழங்கப்பட்டது.

“நோய் உள்ளே வராமல் தடுப்பது அரசாங்கத்தின் கடமையல்லவா?” என்று கேட்பார் உளர். கடமைதான். 2020 பெப்ரவரியில் யப்பானின் யொக்கோகாமாத் துறையில் நின்ற டயமண்ட் பிரின்செஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தனர். எழுநூறுக்கு மேற்பட்டோருக்கு நோய் தொற்றியது. 1918 ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலும் கொழும்பு, தலைமன்னார் ஆகிய துறைகளின் வழியாகவே இத்தீவினுள் நுழைந்தது என்றும், அதனால் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் மாண்டனர் என்றும் ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். ஆகவே அச்சம் பொய்யன்று. ஆனால் தனிமைப்படுத்துவது வேறு, கதவடைப்பது வேறு. 1377 இல் ரகூசா நகரத்தார் நோயுள்ள இடங்களிலிருந்து வந்தோரை முப்பது நாட்கள் தனித்திருக்கச் செய்தனர். முப்பதாம் நாள் முடிந்தால் கதவு திறக்கும் என்பது அதன் பொருள். தனிமைப்படுத்தலுக்கு ஒரு முடிவு நாள் உண்டு. கதவடைப்புக்கு அது இல்லை. கப்பலிற் கிடந்தவனை வதைத்தது நோயச்சத்தைவிட, என்று விடுதலை என்று தெரியாத அந்த நிலையே.

இந்நாட்டின் தனிமைப்படுத்தற் சட்டமோ 1897 ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இயற்றியது. தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரைக் கடலுக்கு அப்பால் மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதித்தனுப்பிய காலத்துக்குரியது. 2020 இலும் அரசாங்கம் கையிலெடுத்தது அதே சட்டத்தைத்தான். அடைத்துவைக்க அதிகாரம் கொடுக்கும் சட்டம் அது. அடைக்கப்பட்டவனுக்கு உள்ள உரிமை என்ன என்பதை இனியாவது தெளிவாக எழுத வேண்டாமா?

இனிப் பிரயாணிகளைப் பற்றிப் பார்ப்போம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914 முதல் கப்பல் ஓடியது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலையும் போர் நிறுத்தியது. 2011 இல் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தொடங்கிய சேவை அவ்வாண்டே நின்று போயிற்று. ஆகவே, தொற்றுக் காலத்தில் விமானம் நின்றதும், கூப்பிடு தூரத்திலுள்ள இரு கரைகளுக்கிடையே ஏழை எளியவன் செல்ல வழியேயில்லை. 2020 ஜூன் முதலாம் திகதி இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் கொழும்புக்கு வந்து, சிக்கியிருந்த ஏறக்குறைய எழுநூறு இந்தியரைத் தூத்துக்குடிக்கு ஏற்றிச் சென்றது. பிரயாணிக் கப்பல் செய்ய வேண்டிய வேலையைப் போர்க்கப்பல் செய்ய வேண்டியதாயிற்று.

கடல் உண்மையில் மூடப்பட்டிருந்ததா? இதற்கு விடை சொல்வது மஞ்சள். அந்நியச் செலாவணியைக் காப்பதற்கும் உள்ளூர்ச் செய்கையை ஊக்குவிப்பதற்குமென மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டது. சில நூறு ரூபாவுக்கு விற்ற ஒரு கிலோ மஞ்சள் ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு ஏறியது. உடனே பாக்குநீரிணையில் இரவுப் படகுகள் மஞ்சள் மூடைகளோடு ஓடலாயின. கடற்படையினர் பிடிக்கப் பிடிக்க வந்துகொண்டேயிருந்தன. அப்படகில் வந்தவனை எந்த வைத்தியர் சோதித்தார்? எந்த முகாமில் அவன் பதினான்கு நாட்கள் தனித்திருந்தான்? நேர்வழியை முற்றாக அடைத்தால் கள்ளவழி திறக்கும். நேர்வழியில் வருபவனைச் சோதிக்கலாம், கள்ளவழியில் வருபவனைச் சோதிக்க முடியாது. சுகாதாரத்தின் பெயராற்கூட நியாயப்படுத்த முடியாத நிலை இது.

கமக்காரரும் இது தமக்குத் தூரத்து விஷயம் என்று எண்ணலாகாது. 2019 இல் நாற்பதடிக் கொள்கலன் ஒன்றுக்கு உலகச் சராசரியாக ஏறக்குறைய 1,500 டொலராயிருந்த கப்பற்கூலி, 2021 செப்டெம்பரில் 10,000 டொலரைத் தாண்டியது. மேர்ஸ்க் என்னும் ஒரு கப்பற் கம்பெனி மாத்திரம் அவ்வாண்டில் 1,800 கோடி டொலர் இலாபம் ஈட்டியது. துறைமுகங்களின் நெருக்கடியும் ஆட்பற்றாக்குறையும் கூலி ஏற்றத்துக்குக் காரணங்களாயின. இயந்திர உதிரிப்பாகத்தின் விலையிலும் தெளிகருவியின் விலையிலும் அந்தக் கூலி ஏறியிருந்தது. மாலுமிக்கு மறுக்கப்பட்ட ஓய்வின் விலையில் ஒரு பங்கைத் தோட்டத்தில் நின்ற கமக்காரனும் செலுத்தினான்.

பின்னர் அறிவு பிறந்தது. கொழும்பிலும் காலியிலும் கப்பலாட்களை மாற்றிக்கொள்ள இலங்கை இடமளித்தது. அதனால் நாட்டுக்கு வருமானமும் கிடைத்தது. சோதனையோடும் ஒழுங்கோடும் செய்தால் மனிதரையும் ஏற்றி இறக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2020 டிசெம்பர் முதலாம் திகதி ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையும் மாலுமிகளை அத்தியாவசியப் பணியாளராக ஏற்கும்படி நாடுகளை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் நல்லது, ஆனால் கப்பலை விட்டு இறங்கும் மாலுமிக்குத் தேவை தீர்மானமன்று, துறைமுக வாயிலிற் காட்டக்கூடிய சட்டம்.

அடுத்த கொள்ளைநோய் வருவதற்கு முன் மூன்று காரியங்கள் செய்யப்பட வேண்டும். முதலாவது, எத்தொற்றுக் காலத்திலும் இலங்கை மாலுமி தன் நாட்டுத் துறையில் இறங்குவதும், பிறநாட்டு மாலுமி இதன் வழியாக வீடு திரும்புவதும் சட்டத்தில் உரிமையாக வரையப்பட வேண்டும். தனித்திருக்க வேண்டிய நாட்களும் அதிற் குறிக்கப்பட வேண்டும். இரண்டாவது, 1897 இன் சட்டம் முற்றாகத் திருத்தி எழுதப்பட வேண்டும். எமது வழக்கறிஞரும் வைத்தியரும் முன்வந்து அதற்கு நகல் வரைவார்களாக. மூன்றாவது, காங்கேசன்துறையில் பிரயாணிகள் தங்கித் தனித்திருக்க ஒழுங்கான நிலையம் அமைய வேண்டும். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்தோபரில் தொடங்கிய கப்பற் சேவை சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஆரம்பமானது. நல்ல காலத்திலேயே இத்தனை தடைகண்ட சேவை, நோய்க் காலத்தில் முதலாவதாகப் பலியிடப்படும் என்பதில் ஐயமில்லை. இன்றே ஏற்பாடு செய்தால் அன்று அதை நிறுத்த வேண்டியிராது.

கொள்கலனுக்குப் பசியில்லை; காத்திருக்கும் மனைவி மக்களில்லை. அதற்கு வழிவிட்ட நாடு மனிதனை நடுக்கடலில் நிறுத்தியது. அந்தப் பிழையை அறியாமற் செய்தோம் என்று ஒருமுறை சொல்லலாம். இரண்டாம் முறை சொல்ல எவருக்கும் வாயிராது.