தொப்புளைச் சுற்றி 14 ஊசியா?



'தெரு நாய்கிட்டே போகாதே... கடிச்சா தொப்புளைச் சுற்றி 14 ஊசி!'

இந்த வசனத்தைக் கேட்காத பிள்ளை நம் ஊரில் உண்டா? தாத்தா சொல்வார், எதிர் வீட்டு மாமி சொல்வார், பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் கூடச் சொல்வார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும், பெரியவர்கள் இதைச் சொல்வதை இன்றோடு நிறுத்த வேண்டும் என்பதே என் கட்சி. ஏன் என்று கேளுங்கள்.

ஒரு பையனை நாய் லேசாகக் கடித்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். கெண்டைக்காலில் இரண்டு பல் பதிந்திருக்கிறது. வீட்டில் சொன்னால் அப்பா திட்டுவார். அதற்கு மேல் 14 ஊசி! சொல்லாவிட்டால்? ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறான். பேன்ட்டைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு, கமுக்கமாகச் சாப்பிட உட்காருகிறான். நாலைந்து நாளில் காயமும் ஆறிவிடுகிறது. அங்கேதான் ஆபத்து!

விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தாவும் நோய்கள் பல உண்டு. எலிக்காய்ச்சல், பறவைக்காய்ச்சல், நிபா என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அவற்றில் மிகப் பொல்லாதது, 'ரேபிஸ்' எனப்படும் வெறிநாய்க்கடி நோய். நோய் கண்ட நாயின் எச்சிலில் இதன் வைரஸ் இருக்கும். கடித்த இடத்தில் நுழையும் வைரஸ், ரத்தத்தில் கலந்து ஓடாது. நரம்பைப் பிடித்துக்கொண்டு, மூளையை நோக்கி ஆமை போல மெதுவாக நகரும். போய்ச் சேரச் சில வாரங்கள் ஆகலாம். சில மாதங்களும் ஆகலாம். மூளையை எட்டி, காய்ச்சலும், தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் வேதனையும் தொடங்கிவிட்டால், பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

ஆனால், அந்த ஆமை வேகம்தான் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். வைரஸ் மூளைக்குப் போவதற்குள் தடுப்பூசி முந்திக்கொள்ள முடியும். கடிபட்ட பிறகு போட்டாலும் காப்பாற்றும் தடுப்பூசி இது. 1885 ஜூலையில், ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குப் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் இதைத்தான் செய்தார். வெறிநாய் பல இடங்களில் கடித்திருந்த அந்தச் சிறுவன் பிழைத்தான். வளர்ந்ததும், பாஸ்டர் நிலையத்திலேயே காவலராக வேலை பார்த்தான்.

அந்த 14 ஊசிக் கதை எங்கிருந்து வந்தது? அது கட்டுக்கதை அல்ல. அந்தக் காலத்தில் ஆட்டு மூளையிலிருந்து மருந்து தயாரித்தார்கள். அதை வயிற்றில், நாள்தோறும் போட வேண்டியிருந்தது. பயங்கர வலி! சிலருக்கு நரம்புப் பாதிப்பும் வந்தது. நம் நீலகிரியில், குன்னூர் சிம்ஸ் பூங்கா அருகே 1907ல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையத்திலும் பல ஆண்டுகள் இந்த மருந்துதான் தயாரானது. பிறகு, ஆய்வகத்தில் செல்களை வளர்த்து உருவாக்கும் புதிய தடுப்பூசி வந்தது. 2005 முதல் இந்தியாவில் ஆட்டு மூளை மருந்தே கிடையாது. இப்போது ஊசி போடுவது கையில். அதுவும் நாலைந்து தடவைதான். அரசு மருத்துவமனையில் காசும் கேட்க மாட்டார்கள். காயம் ஆழமாக இருந்தால், காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். அது கொஞ்சம் வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன்.

மருந்து மாறி 20 ஆண்டு ஆகியும் வசனம் மாறவில்லை, பாருங்கள்! அந்தப் பயம் எந்த நாயையும் விரட்டவில்லை. பிள்ளைகளின் வாயைத்தான் கட்டிப் போட்டிருக்கிறது. சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுவோரில், 100க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே, சுட்டிகளே, நாய் கடித்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள். பூனை, குரங்கு கடித்தாலும்தான். 'குட்டி நாய்தானே', 'நகம்தானே பட்டது', 'நம்ம வீட்டு நாய்தானே' என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதாதீர்கள். அது டாக்டர் வேலை. வீட்டில் யாரும் இல்லையா? குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். எரியத்தான் செய்யும். ஆனால், அந்தச் சோப்பு நுரையே ஏராளமான வைரஸ்களைக் கொன்றுவிடும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப விடாதீர்கள்.

இதைப் படிக்கும் அப்பா, அம்மாக்களுக்கும் ஒன்று. பிள்ளை வந்து சொன்னதும், 'அங்கே ஏன் போனே? நாய் வாலை ஏன் இழுத்தே?' என்ற விசாரணை வேண்டாம். முதலில் சோப்பு, அடுத்து மருத்துவமனை. விசாரணையை மறுநாள் வைத்துக் கொள்ளலாம். வைக்காமல் விட்டால் இன்னும் நல்லது. ஒருமுறை சொல்லி அடி வாங்கிய பிள்ளை, அடுத்த முறை சொல்லுமா?

இதற்காகத் தெரு நாய்களைக் கல்லால் அடிக்கக் கிளம்பிவிடாதீர்கள்! பாவம், அவையும் இந்த நோயால் சாகின்றன. நாய்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டாலே நோய் அடங்கிவிடும். உங்கள் தெருவில் எல்லாரும் சோறு வைக்கும் ஒரு 'மணி' இருக்கும் அல்லவா? அதற்குக் கடைசியாக எப்போது ஊசி போட்டார்கள் என்று பெரியவர்களைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால், கால்நடை மருத்துவமனைக்கு வழி காட்டுங்கள்.