கம்ப்யூட்டருக்குள் ஒரு கூட்டுக் குடும்பம்

சித்திரை வெயில் ஏற ஏற எங்கள் குளத்தூர் வீட்டில் ஆள் கூட்டமும் ஏறும். இந்தத் தடவை முதலில் வந்து இறங்கியவன் என் தங்கை மகன். திருச்சியில் இன்ஜினீயரிங் படிக்கிறான். வந்தான், ஒரு சொம்பு நீர்மோர் குடித்தான், லாப்டாப்பைத் திறந்தான். அவ்வளவுதான்! சாப்பிட மூன்று தடவை கூப்பிட வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு விளக்கை அணைக்கப் போனால், "ஒரே ஒரு மேட்ச் பெரியம்மா, சத்தியமா!" என்பான். அந்த ஒரே ஒரு மேட்ச் ஒன்றரை மணிக்கு முடியும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்குமே?

மூன்றாம் நாள் சாயங்காலம் பார்க்கிறேன், முகம் தொங்கிக் கிடக்கிறது. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்லை பெரியம்மா, டீம்ல சண்டை."

"எந்த டீம்? காலேஜிலேயா?"

"இதுல!" என்று லாப்டாப்பைக் காட்டினான்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த நேரம் முறத்தில் முருங்கைக்கீரை வைத்திருந்தேன், சின்ன மருமகளுக்குச் சூப் வைக்க. அவள் இரண்டு மூன்று மாதமாக இளைத்துக்கொண்டே போகிறாள். 'சரி, கீரை ஆய்கிற நேரம் இவன் கூத்தைத்தான் கேட்போமே' என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விளையாட்டின் பெயர் 'ஃபுட்பால் மேனேஜர்'. இங்கிலாந்தில் கோலியர் என்று அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து எழுதியதாம். 1992இல் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்ற பெயரில் முதலில் வந்தது. 2004இலிருந்து இந்தப் பெயர். இதில் நாம் பந்தை உதைப்பதே கிடையாது. நாம்தான் மேனேஜர். யாரை ஆட விடுவது, யாரை உட்கார வைப்பது, யாரை வாங்குவது, கோபித்துக்கொண்டவனை எப்படிச் சமாதானம் செய்வது, இதுதான் வேலை. கேட்டதும், "அடேய், இது நான் முப்பது வருஷமாகச் சம்பளமில்லாமல் பார்க்கிற உத்தியோகமாச்சே!" என்றேன். (2025 நவம்பரில் வந்த புதிய பதிப்பில் பெண்கள் கால்பந்தையும் சேர்த்துவிட்டார்களாம். இத்தனை வருஷம் கழித்தாவது தோன்றியதே!)

2017இல் வந்த பதிப்பிலிருந்து இதில் ஒரு பக்கம் உண்டு. அணியில் யார் யாருக்குச் சிநேகிதம், யார் சொன்னால் யார் கேட்பார்கள், மேனேஜர் மேல் எத்தனை பேருக்கு நம்பிக்கை என்று எல்லாம் அதில் தெரியும். உடை மாற்றும் அறையில் காற்று எப்படி வீசுகிறது என்பதுகூடத் தெரியும். ஒவ்வொரு பையனுக்கும் மனநிலை என்று ஒன்று குறித்திருக்கும். நன்றாக இருந்தால் பச்சை, கெட்டுப்போனால் சிவப்பு. மனநிலை சிவந்தவன் எத்தனை கெட்டிக்காரனானாலும் பந்தைக் கோட்டை விடுவானாம்.

இவன் அணியில் நடந்தது இது. வாய்ப்பில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு பையன், "என்னை ஏன் ஆட விடுவதில்லை?" என்று கேட்டிருக்கிறான். இவனும் அந்த நேரத்துக்கு வாயை அடைக்க, "இனிமேல் அடிக்கடி ஆட விடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு தொடர்ந்து ஜெயம். ஜெயிக்கிற அணியை யார் மாற்றுவார்கள்? வாக்கு மறந்து போயிற்று. இவன் மறந்தான், விளையாட்டு மறக்கவில்லை. கொடுத்த வாக்கையெல்லாம் கெடு தேதியோடு ஒரு பட்டியலில் எழுதி வைத்திருக்கிறது! கெடு தாண்டியதும் பையன் வந்து நின்றான். "சொன்னீங்களே, செய்யலையே?" இவன் சமாதானம் சொல்லாமல் அதட்டி அனுப்பிவிட்டான்.

அதோடு முடிந்ததா? மறுநாள் நான்கு பேர் வந்து நிற்கிறார்கள். அந்தப் பையனோடு ஒரே பாஷை பேசுகிறவர்கள், கூடவே பல வருஷம் ஆடியவர்கள். அவர்களுக்கென்று தனிக் குறை ஒன்றும் இல்லை. அவர்களில் இரண்டு பேர் தினமும் ஆடுகிறவர்கள்தான். 'எங்கள் ஆளை நடத்திய விதம் சரியில்லை', அவ்வளவுதான் புகார். நால்வரில் ஒருவன் அணியிலேயே பெரிய தலை. அவன் முகம் சுளித்ததும் அவனைப் பார்த்து நடக்கிற சின்னப் பையன்கள் எல்லாரும் வரிசையாகச் சிவந்து போனார்கள். அடுத்த ஐந்து ஆட்டத்தில் நாலு தோல்வி.

"இதுக்கெல்லாம் வைத்தியம் கிடையாதா?" என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தானே பார்க்க வேண்டும்! வாரம் முழுக்க நன்றாகப் பயிற்சி செய்தவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் மனநிலை ஏறுமாம். ஆனால் சுமாராக ஆடியவனை 'பிரமாதம்' என்று புகழ்ந்தால், சில பேருக்கு அது பொய் என்று தெரிந்து நம் மேலேயே மரியாதை குறையுமாம். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். உப்பில்லாத சாம்பாரைப் புகழ்ந்தால் எனக்கும் அப்படித்தான் இருக்கும். தேவைக்கு மேல் ஆள் சேர்க்கக் கூடாது, உட்கார்ந்திருப்பவன் கூடினால் முணுமுணுப்பும் கூடும். புதிதாக வந்தவனுக்கு அவன் பாஷைக்காரன் ஒருவன் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் ஒட்டிக்கொள்வான். சின்னப் பையனை நல்ல குணமுள்ள மூத்தவனோடு சேர்த்து விட்டால் மெல்ல மெல்ல அந்தக் குணம் படியும். எதற்கெடுத்தாலும் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசவும் கூடாதாம். சில சமயம் அந்தக் கூட்டமே சண்டையைப் பெரிதாக்கிவிடும்.

"அது சரிடா, நிஜக் கால்பந்திலே இப்படியெல்லாம் நடக்குமா?"

"நடக்காமலா?" என்று 2010 உலகக் கோப்பைக் கதையைச் சொன்னான். தென்னாப்பிரிக்காவில் நடந்தது. அதற்கு முந்தின உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போன பிரான்ஸ் அணி. இடைவேளையில் பயிற்சியாளரைத் திட்டினார் என்று அனெல்கா என்ற ஆட்டக்காரரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் மொத்த அணியும் பயிற்சி செய்ய மறுத்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டது! ஆட்டக்காரர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் பயிற்சியாளர் டொமெனெக்கே பத்திரிகைக்காரர்கள் முன்னால் வாசித்தார். மூன்று ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்காமல், பிரிவில் கடைசியாக ஊர் திரும்பினார்கள். கால் சரியாகத்தான் இருந்தது, மனசு ஒட்டவில்லை.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 2019-20 ஐ.எஸ்.எல். போட்டியில் நம் சென்னையின் எஃப்.சி. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. 2018இல் கோப்பை வாங்கித் தந்த ஜான் கிரிகரியே பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். டிசம்பரில் ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் கோயல் வந்தார். கிட்டத்தட்ட அதே பிள்ளைகளை வைத்துக்கொண்டே நான்காம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவையும் தாண்டி, இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். கொரோனா பயத்தில் 2020 மார்ச் 14 அன்று ஆளில்லாத மைதானத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் 3-1 என்று தோற்றது வேறு விஷயம். கோல் விழாமல் தவித்த அந்த அணியின் வால்ஸ்கிஸ்தான் அந்த வருஷம் பதினைந்து கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கினார். ஆட்ட முறையையும் மாற்றியிருப்பார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆறு ஆட்டத்தில் சோர்ந்து போன முகங்களை முதலில் நிமிர்த்தியிருக்க வேண்டுமே!

"சரி, உன் பையனை என்ன செய்யப் போறே?" என்றேன்.

"வித்துடலாம்னு பார்க்கிறேன்."

கொடுத்து வைத்தவன்! நாம் யாரை விற்பது?

சிரித்துக்கொண்டேதான் முறத்தோடு எழுந்தேன். அடுப்பங்கரை வாசலில் கால் நின்றுவிட்டது. கெடு தாண்டிய வாக்கு ஒன்று என் பட்டியலிலும் இருந்தது.

சின்ன மருமகள் பி.எட். படித்தவள். ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் புதுக்கோட்டையில் பயிற்சி வகுப்பு போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். "பேரன் பால் மறக்கட்டும், நான் பார்த்துக்கறேன், நீ போயிட்டு வா" என்று நான்தான் சொன்னேன். பால் மறந்து எட்டு மாதம். முதலில் அறுப்பு என்றேன். பிறகு நார்த்தாமலைத் திருவிழா போகட்டும் என்றேன். அப்புறம் என் முழங்கால் வலி. அவள் ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தவில்லை. சாப்பாடு குறைந்தது, தூக்கம் குறைந்தது. ரத்தக் குறைவோ என்று டாக்டரிடம் அழைத்துப் போய்ப் பரிசோதனை செய்தேன். ஹீமோகுளோபின் பன்னிரண்டுக்கு மேலேயே இருந்தது, தைராய்டும் சரி. (இளைக்கிற பெண்ணுக்கு முதலில் இதைப் பார்ப்பதுதான் முறை, அதில் தப்பில்லை.) ஒன்றுமில்லை என்ற பிறகும் நான் விடாமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்!

பெரியவள் கதை இன்னும் வேடிக்கை. அவளுக்கு இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மாசி மாதத்திலிருந்து என்னோடு கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் பேச்சில்லை. 'இவளுக்கு என்ன வந்தது?' என்று மகனிடம்கூடப் புலம்பியிருக்கிறேன். அந்த நான்கு பையன்கள் வந்து நின்றதைக் கேட்ட பிறகுதான் விளங்கியது, ஓரகத்திக்காக நின்றிருக்கிறாள்.

அன்று ராத்திரி சின்னவளிடம், "வகுப்பு எப்போ ஆரம்பிக்குதும்மா?" என்று கேட்டேன்.

"பரவாயில்லை அத்தை, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

எத்தனையோ தடவை கேட்ட அதே 'பரவாயில்லை'தான். அன்றைக்கு அது சிவப்பாகத் தெரிந்தது. "என் மேலதாம்மா தப்பு. சொன்னதைச் செய்யலை" என்றேன். மாமியார் வாயிலிருந்து இது வருவது எத்தனை கஷ்டம் என்று மாமியார்களுக்குத்தான் தெரியும். காலண்டரில் திங்கட்கிழமையை அவள் கண் முன்னாலேயே வட்டம் போட்டேன்.

தங்கை மகன் ஊருக்குப் போகும்போது கேட்டேன். பையனை விற்கவில்லையாம். தப்பை ஒப்புக்கொண்டு, கெடு வைத்து மறுபடி வாக்குக் கொடுத்து, ஆடவும் விட்டானாம். "ஒரு ஆட்டத்துல சரியாகலை பெரியம்மா. முழுசாப் பச்சையாக ரெண்டு மாசம் ஆச்சு" என்றான். அவன் கணக்கில் இரண்டு மாதம் என்பது இரண்டு நாள். நமக்கு அந்தச் சலுகை இல்லை.

வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. முதல் நாள் பேரன் பதினோரு மணி வரை அழுதான். என் முழங்கால் நிஜமாகவே வலிக்கிறது, ராத்திரி தைலம் தேய்த்துக்கொள்கிறேன். சின்னவள் பஸ் ஏறும் அவசரத்திலும் இரண்டு இட்லி கூடச் சாப்பிடுகிறாள். பெரியவள் மட்டும் இன்னமும் அளந்துதான் பேசுகிறாள். நேற்றுச் சாயங்காலம் பேரனைத் தூக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கேட்காமலே வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "நீங்க கொஞ்சம் காலை நீட்டிப் படுங்க அத்தை" என்றாள்.