பசங்களுக்கு டார்கெட் வைக்கறதுக்கு முன்னாடி ஒரு வகுத்தல் போடுங்க!

நியூ இயர் வீடியோவுக்கு அப்புறம் பல பேர் கேட்ட கேள்வி: "வீட்டுல பசங்களுக்கும் சேமிப்பு இலக்கு வைக்கலாமா?" தாராளமா வைக்கலாம். ஆனா நான் பண்ண தப்பைப் பண்ணாதீங்க.

கீரப்பாளையத்துல அக்கா பையன் ஆறாவது படிக்கறான். போன வருஷம் ஜனவரி 1 அன்னிக்கு ஒரு உண்டியல் வாங்கிக் கொடுத்து, "டிசம்பருக்குள்ள நீயே காசு சேர்த்து கியர் சைக்கிள் வாங்கணும்"னு சொன்னேன். விலை 7,500 ரூபாய். பிப்ரவரியிலேயே உண்டியலை உடைச்சு பந்து வாங்கிட்டான். "பொறுப்பே இல்லையாடா?"ன்னு திட்டினேன். "மாமா, அது நடக்காதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும்"னான்.

கணக்குப் போட்டேன். அவன் கைக்கு வர்றது வாரம் 20 ரூபாய். ஒரு பைசா செலவழிக்கலைன்னாலும் வருஷத்துக்கு 1,040. சைக்கிளுக்கு ஏழு வருஷத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள காலேஜே போயிடுவான்! ஊரு பேலன்ஸ் ஷீட்டெல்லாம் பார்க்கற நான் இந்த ஒரு வகுத்தலைப் போடல.

எங்க பக்கத்து விவசாயி வீராணம் ஏரியில தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பார்த்துட்டுத்தான் நடவைப் பத்திப் பேசுவார். இலக்கும் அப்படித்தான், வரவைப் பார்த்து வைக்கணும்.

எட்டாத இலக்குல நஷ்டம் பணம் இல்ல. "சேமிப்பு நமக்கு ஒத்து வராது"ன்னு பத்து வயசுலயே மனசுல பதிஞ்சுடும். முதல் சம்பளத்துல "பாதி சேவிங்ஸ்"னு சபதம் போட்டு மூணாவது மாசம் எஸ்ஐபியை நிறுத்தினவங்களுக்கு இது புரியும்.

இந்த வருஷம் இலக்கை அவனையே சொல்லச் சொன்னேன். 800 ரூபாய் கிரிக்கெட் பேட். பொங்கல் காசு 500, மீதி 300-க்கு வாரம் 20 வீதம் 15 வாரம். ஏப்ரல் கடைசியில பேட் கையில. சைக்கிளுக்கு வேற டீல்: அவன் 1,000 சேர்த்தா மீதியை நாங்க போடுவோம். உங்க பிஎஃப்-ல கம்பெனியும் பங்கு போடுதே, அதே மாதிரி.

பேட் வாங்கினதும் அடுத்த ஸ்டெப் பேங்க் அக்கவுண்ட். பத்து வயசு முடிஞ்ச பசங்க தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம்னு ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல்ல சொல்லியிருக்கு. லிமிட் மட்டும் பேங்குக்கு பேங்க் மாறும், கேட்டுக்கோங்க.

சின்ன இலக்குதான். ஆனா முடிச்ச இலக்கு. அந்த ருசி தெரிஞ்ச பையன் அடுத்ததை நாம சொல்லாமலே வைப்பான்.