மிலிட்டரிக்காரர் வீட்டுக்கு ஒரு போன்



போளூர், ஆரணி, செங்கம் என்று நம் மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். இப்போது மோசடிக்காரர்களும் அந்த வீடுகளைத் தேடுகிறார்கள்.

“பிரயாக்ராஜ் பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசுகிறோம். உங்கள் லைஃப் சர்டிபிகேட் பதிவாகவில்லை, அடுத்த மாதம் பென்ஷன் நின்றுவிடும். ஓடிபி வரும், சொல்லுங்கள்.” பேச்சு இந்தியில், அதிகார தோரணையில். பெயர், ரேங்க் எல்லாம் சரியாகச் சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்?

ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்று ஊர் சுலபமாகச் சொல்லிவிடும். ஆருத்ரா நிதி நிறுவனம் மாதிரி, மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று ஆசைகாட்டி ஆயிரக்கணக்கான கோடி சுருட்டியதில் அது ஓரளவு பொருந்தலாம். இந்த போனில் ஆசைக்கு எங்கே இடம்? மேலிடத்து உத்தரவுக்கு ‘யெஸ் சார்’ சொல்லியே சர்வீஸை முடித்தவர், அந்தப் பழக்கத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்.

லைஃப் சர்டிபிகேட்டுக்கு இவ்வளவு பதற்றமே வேண்டாம். பென்ஷன் வாங்கும் பேங்கிலோ இ-சேவை மையத்திலோ ஆதாரைக் கொண்டுபோய்க் கைரேகை வைத்தால் முடிந்தது. போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து பதிவு செய்து கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய். போனில் ஓடிபி கேட்பவன் எந்த ஆபீஸ் பெயரைச் சொன்னாலும் திருடன்தான். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுபவனும் அப்படியே. அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே இல்லை.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறுவதற்குள் முடக்கிவைக்க வழி உண்டு. ‘போன பணத்தை மீட்டுத் தருகிறேன், ஃபீஸ் கட்டுங்கள்’ என்று அடுத்து ஒருவன் வருவான். அவனும் அதே கூட்டம்தான்.

எனக்குப் பெரிய கவலை வீட்டம்மாக்களைப் பற்றித்தான். டிஸ்சார்ஜ் புக், பிபிஓ என்ற பென்ஷன் உத்தரவு, பேங்க் பாஸ்புக் எல்லாம் கட்டிலுக்கடியில் கறுப்பு டிரங்குப் பெட்டியில் இருக்கும். சாவி வீட்டுக்காரரிடம். நாளை குடும்ப பென்ஷன் அந்த அம்மாவுக்கு வரும்போது, எது நிஜமான ஆபீஸ் போன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஐயா, இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்து, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு காகிதமாகச் சொல்லிக் கொடுங்கள். மருமகளும் கூட இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்