கருவியைக் கண்டு அஞ்சுதல் தகுமா?



மொன்றியல் மெட்ரோ வாயிலில் நாம் நாள்தோறும் வைத்தெடுக்கும் ஓப்பஸ் அட்டை 2008ஆம் ஆண்டு புழக்கத்துக்கு வந்தது. அதனுள் மின்கலம் எதுவும் இல்லை. வாயிற் கருவி எழுப்பும் காந்தப்புலம், அட்டையினுள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகின்றது. அம்மின்னோட்டத்தால் விழித்தெழும் சில்லு, கேட்டதற்கு விடை கூறிவிட்டு மீண்டும் உறங்கிவிடுகின்றது. 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையினால் பற்றறி கிடைக்காத யாழ்ப்பாணத்திலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோமே, அதுவும் இதே விதிப்படி இயங்கியதே.

இத்தகைய சில்லுகளை வாசிக்கவும் எழுதவும் வல்ல கைக்கருவிகளை இன்று மாணவரும் ஆக்குகின்றனர். கருவியின் நுண்செயலியுள் பதிக்கப்படும் நிலைபொருளே அதற்கு உயிர். 13.56 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் புலத்தை எழுப்புதல், அட்டையை அழைத்தல், அட்டை அப்புலத்தில் உண்டாக்கும் நுண்ணிய மாற்றங்களைச் சுழியமும் ஒன்றுமாகப் பிரித்தறிதல், பிழை சரிபார்த்தல் ஆகிய யாவும் அதன் பணிகள். நன்கு காக்கப்பட்ட அட்டையில் எழுதுவதற்கோ இரகசியத் திறவுகோல் வேண்டும்.

இக்கலையை நம் பிள்ளைகள் பயிலலாமா? "இது கள்வர் தொழில் அல்லவா? பொலிஸ் வாசலுக்கு வந்தால் என்ன செய்வது?" எனப் பெற்றோர் சிலர் கலங்குகின்றனர். அகதிகளாய் வந்த நமக்கு அவ்வச்சம் இயல்பே. அரசும் அஞ்சியதுண்டு. வாகனக் களவு பெருகியபோது, 2024 பெப்ரவரியில் அமைச்சர் பிரான்சுவா பிலிப் ஷம்பாஞ், பிளிப்பர் சீரோ போன்ற கருவிகளைத் தடைசெய்ய முனைவதாக அறிவித்தார். நவீன வாகனச் சாவிகள் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் குறியீட்டை மாற்றுவதால், இக்கருவி கொண்டு அவற்றைத் திருடவியலாது எனத் தயாரிப்பாளரும் பாதுகாப்பு வல்லுநரும் மறுத்துரைத்தனர். அடுத்த மாதமே, அவை முறையான பயனாளரிடம் மட்டும் இருக்கச் செய்வதே நோக்கம் என்று அரசு விளக்கமளித்தது.

கருவியைத் தடுப்பதனால் களவு ஒழியாது என்பதே என் கருத்து. பூட்டின் குறையை அறிந்தவனே நல்ல பூட்டைச் செய்வான். நெதர்லாந்தின் ராட்பௌட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலகெங்கும் பயன்பட்ட மைஃபேர் கிளாசிக் சில்லின் காவல் வலுவற்றது என 2008இல் மெய்ப்பித்தனர். முதலில் அரசுக்கும் தயாரிப்பாளருக்கும் அதனை அறிவித்தனர். பின்னரே ஆய்வை வெளியிட முனைந்தனர். வெளியீட்டைத் தடுக்குமாறு தயாரிப்பு நிறுவனமான என்.எக்ஸ்.பி. வழக்குத் தொடுத்தது, நீதிமன்றமோ அவ்வாண்டு யூலையில் அக்கோரிக்கையை நிராகரித்தது. குறையை மறைத்திருப்பின் கள்வர் மட்டுமே அதனை அறிந்திருப்பர்.

எனினும் மாணவர்களே, அறிவுக்கு வேலி அறமே. உங்கள் சொந்த அட்டையையும், இதற்கெனக் கடையில் வாங்கும் வெற்றுச் சில்லையும் மட்டுமே ஆராயுங்கள். பிறர் வீட்டுக் கதவும், பள்ளிக்கூடத்துக் கதவும், மெட்ரோ வாயிலும் உங்கள் ஆய்வுகூடம் அல்ல. குறை கண்டால் உரியவரிடமே முதலில் உரையுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளையின் மேசையில் கம்பிச் சுருளையும் சில்லையும் கண்டவுடன் பறித்தெறியாதீர்கள். "இது என்ன செய்யும்? யாருடையதை வாசிக்கும்?" என்று அருகமர்ந்து கேளுங்கள். அதனைத் தமிழிலேயே விளக்குமாறு பணியுங்கள். டைனமோவின் கதையை நீங்கள் சொல்லுங்கள். அட்டையின் கதையை அவர்கள் சொல்லட்டும். அச்சம் பிள்ளையை மறைவில் இயங்கப் பழக்கும். உரையாடலோ பொறுப்பைப் பழக்கும். ஆக்கத் தெரிந்த தலைமுறையாய் நம் சிறார் இம்மண்ணில் தலைநிமிர்க!