சல்லடை அல்ல, தோழர்களே!



என் அப்பா இஸ்திரி போடுகிறவர். டெரிகாட்டன் சட்டை வந்தால் பெட்டியைக் கொஞ்சம் ஆறவிட்டுத்தான் வைப்பார். சூடு மிஞ்சினால் துணி சுருங்கிப் பெட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். நான் கெமிக்கல் பிரிவில் சேர்ந்த புதிதில், "இதுல கலக்கற பாலியஸ்டரை எதுலடா செய்யறாங்க?" என்று கேட்டார். கச்சா எண்ணெயில் இருந்து என்று பெருமையாகச் சொன்னேன். "எண்ணெயில இருந்து எப்படிடா நூல் வரும்?" என்றார். முழித்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்கிறவன் நான்தான். அவர் வேறு யாரிடம் போய்க் கேட்பார்?

அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி, சைலீனைப் பிரிப்பதில் இருக்கிறது. ஆர்த்தோ, மெட்டா, பாரா என்று மூன்று சைலீன்கள். கூடவே எத்தில் பென்சீன். நான்குக்கும் ஒரே ஃபார்முலா, ஒரே எடை. நூலுக்கு வேண்டியது பாரா மட்டுமே. அதில்தான் இரண்டு மெத்தில் தொகுதிகளும் எதிரெதிர் முனையில் இருக்கின்றன. சங்கிலி நேராக நீளும். ஆனால் கொதிநிலையைப் பாருங்கள்: ஆர்த்தோ 144 டிகிரி, மெட்டா 139, பாரா 138. ஆர்த்தோவை உயரமான டவர் வைத்துக் காய்ச்சி எடுத்துவிடலாம். மெட்டாவையும் பாராவையும் அப்படிப் பிரிக்க முடியாது. பாரா 13 டிகிரியிலேயே உறையும் என்பதால் உறையவைத்தும் எடுக்கிறார்கள். ஒரு கட்டத்தில் மற்றவையும் சேர்ந்து உறைவதால் ஒரு தடவைக்கு 60, 65 சதவீதம்தான் தேறும். (பழைய முறைதானே என்று இளக்காரம் வேண்டாம். 2017இல் ஜாம்நகரில் முடிந்த ரிலையன்ஸ் விரிவாக்கம் இந்த வழியில்தான்.)

இன்னொரு வழி அட்சார்ப்ஷன், அதாவது பரப்புக் கவர்தல். யு.ஓ.பி. நிறுவனத்தின் பாரெக்ஸ் முறை 1971இல் தொழிற்சாலைக்கு வந்தது. ஒரே சுற்றில் 97 சதவீதம் பாராவை, 99.7 சதவீதச் சுத்தத்தில் தரும். என் வைவாவில் கேட்டது இதைத்தான். "ஜியோலைட் எப்படி பாராவைப் பிரிக்கிறது?" மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்: "சல்லடை மாதிரி சார். பாரா ஒல்லி, உள்ளே போயிடும். மத்தது போகாது." "துளை எவ்வளவு?" என்றார். நின்றேன். அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்.

பிறகுதான் நூலகத்தில் தேடினேன். பாரெக்ஸில் போடுவது ஃபாஜசைட் வகை ஜியோலைட். வாசல் ஏறக்குறைய 7.4 ஆங்ஸ்ட்ராம். மூன்று சைலீனும் தாராளமாக நுழையும்! உள்ளே உட்கார்ந்திருக்கும் பேரியம், பொட்டாசியம் அயனிகளால் பாராவுக்குப் பிடிப்பு அதிகம், அவ்வளவுதான். ஒல்லி குண்டு பார்க்கும் ஜியோலைட்டும் உண்டு. அது இசட்.எஸ்.எம்-5. வேறு வேலைக்கு. 'மூலக்கூறு சல்லடை' என்ற பெயரை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சலித்துவிட்டோம்.

இதைவிட அழகு, படுகை நகர்வது போல் நடிப்பது. ஜியோலைட்டும் திரவமும் எதிரெதிராக ஓடினால் பிரிவு நன்றாக வரும். ஆனால் மணிகளை ஓடவிட்டால் பொடியாகிவிடும். பந்தியில் இலையா நகர்கிறது? வாளிதானே நகர்கிறது! அதேபோல் 24 படுகைகளும் அசையாமல் இருக்க, திரவம் உள்ளே போகும் இடமும் வெளியே வரும் இடமும் ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒரு படுகை தள்ளிப் போகின்றன. எல்லாக் குழாய்களையும் மாற்றி மாற்றி இணைப்பது ஒரே ரோட்டரி வால்வு.

நமக்கோ இதெல்லாம் ஒன்றரைப் பக்கம். டிஸ்டில்லேஷனுக்கு ஒரு யூனிட் முழுக்க. "டிப்ளமோவுக்கு இது போதும்ப்பா" என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ராத்திரி ஷிஃப்டில் அந்த வால்வு முன்னால் நிற்கப் போவது நாம்தான். சற்று முன் கலவை போன குழாயில்தான் பிறகு பாரா வெளியே வரும். மிச்சம் தங்கினால் சுத்தம் கெடும். அதனால் இடையில் குழாயைக் கழுவுகிறார்கள். சல்லடை என்று நம்புகிறவனுக்கு இந்தக் கழுவல் எதற்கென்றே புரியாது. பட்டனை மட்டும் அழுத்துவான். பாடத்தில் பத்துப் பக்கம் கூட்டக் கேட்கவில்லை. ஒரு வகுப்பு போதும், படம் போட்டு, புரிகிற தமிழில். என் கருத்தில் பிழையிருந்தால் ஆசிரியர்கள் திருத்தட்டும்.

போன மாசம் அப்பாவிடம் பந்திக் கதையைச் சொன்னேன். பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டே கேட்டார்: "சரி, ஒட்டிக்கிட்டதை எப்படிடா பிரிச்சு எடுப்பாங்க?"

எக்ஸ்டர்னல்கூட இதைக் கேட்கவில்லை! பாரா டை எத்தில் பென்சீன் என்று இன்னொரு திரவத்தை விட்டு, பாராவின் இடத்தை அதைப் பிடிக்கச் சொல்வார்கள், அது கொதிப்பது 184 டிகிரி, அதனால் பிறகு காய்ச்சிப் பிரிப்பது சுலபம் என்றேன்.

"இடம் மாத்தி உட்கார வைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த சட்டையை விரித்தார்.